பிள்ளைகளின் நீதிமன்றத்தில் மருத்துவர் கோர்ச்சாக்

பல்கலைக்கழகத்தில் இந்தத் தவணை சிறுவர் உரிமைகள் பற்றிய ஒரு பாடத்தைப் படித்து வருகிறேன். அதில் வரும் பெயர்களில் பெரும்பாலானவை சட்டங்களின் பெயர்கள், ஒப்பந்தங்களின் பெயர்கள். மனிதர்களின் பெயர்கள் குறைவு. அந்தச் சிலரில் ஒருவர் வழக்கறிஞரும் அல்லர், நீதிபதியும் அல்லர். போலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். பெயர் யானுஸ் கோர்ச்சாக். ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அவர் நடத்திய இல்லத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் பிள்ளைகள். ஆறு மாத காலத்தில் ஐந்து முறை அந்த நீதிமன்றத்தின் முன் அவரே தம்மை நிறுத்திக்கொண்டார். ஒரு சிறுவனைக் காதில் அறைந்தது, இன்னொருவனைப் படுக்கை அறையிலிருந்து வெளியேற்றியது, வேறொருவனை மூலையில் நிற்க வைத்தது, ஒரு நீதிபதியை அவமதித்தது, ஒரு சிறுமிமீது திருட்டுப் பழி சுமத்தியது. இவைதாம் அவர்மீதான வழக்குகள்.

இதைப் படித்த பிறகுதான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அவரது இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். வார்சா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் ஜூலை 22ஆம் தேதி பிறந்தார். ஆண்டு 1878 அல்லது 1879. தந்தை உரிய நேரத்தில் பிறப்பைப் பதிவு செய்யாததால் வந்த குழப்பம் இது. அந்தத் தந்தை ஒரு வழக்கறிஞர் என்பதுதான் வேடிக்கை. குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது இன்று ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சிறுவர் உரிமை ஒப்பந்தத்தில் 7ஆம் விதி. சிறுவர் உரிமைக்காக வாழ்ந்தவருக்கு அந்த முதல் உரிமையே கிடைக்கவில்லை.

அப்போது வார்சா ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் பிற்காலத்தில் எழுதிய நாட்குறிப்பில், ஐந்து வயதில் நடந்த ஒன்றை அவர் நினைவுகூர்கிறார். செல்லமாக வளர்த்த பாடும் பறவை இறந்துவிட்டது. அதைப் புதைத்து, மேலே ஒரு சிறு சிலுவையை நட நினைத்தான் சிறுவன். அடுக்குமாடிக் காவலாளியின் மகன் குறுக்கிட்டான். பறவை யூதப் பறவை, அதற்குச் சிலுவை கூடாது என்றான். தான் யார் என்பதை அந்தப் பிள்ளை அப்படித்தான் தெரிந்துகொண்டான். பள்ளியும் இனிமையாக இல்லை. மற்ற மாணவர்கள் பார்த்திருக்க ஒரு சிறுவனைப் பிரம்பால் அடித்த காட்சி அவர் மனத்தைவிட்டு அகலவே இல்லை.

தந்தைக்கு மனநோய் வந்தது. சொத்து கரைந்தது. 1896இல் தந்தை இறந்தபோது, பதின்ம வயதிலிருந்த மகன் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துத் தாயையும் சகோதரியையும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். 1898இல் ஓர் இலக்கியப் போட்டிக்கு நாடகம் அனுப்பியபோது, பழைய போலந்து நாவல் ஒன்றின் நாயகனுடைய பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அதுவே நிலைத்துவிட்டது. அதே ஆண்டில் வார்சா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1905இல் பட்டம் பெற்றதும் ரஷ்ய-ஜப்பானியப் போருக்கு ராணுவ மருத்துவராக அனுப்பப்பட்டார். திரும்பி வந்து வார்சாவின் யூதச் சிறுவர் மருத்துவமனையில் வேலை பார்த்தார். பெர்லினிலும் பாரிசிலும் மேற்பயிற்சி பெற்றார். எழுத்தாளராகவும் பெயர் வந்துவிட்டது. பணக்காரக் குடும்பங்கள் அவரைத் தேடி வந்தன.

இதோடு நின்றிருந்தால் அவர் வார்சாவின் வெற்றிகரமான மருத்துவர்களில் ஒருவராக மட்டும் இருந்திருப்பார். ஆனால் ஒரு கேள்வி அவரைத் தொந்தரவு செய்தது. ஏழைப் பிள்ளையின் காய்ச்சலைக் குணப்படுத்தி அதே இருட்டறைக்கும் பசிக்கும் திருப்பி அனுப்புவதில் என்ன பயன்? ஏழை யூதப் பிள்ளைகளுக்கான கோடை முகாம்களில் தொண்டூழியராக இருந்தபோது அவர் இன்னொன்றையும் கண்டுகொண்டார். பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவது வேறு, பிள்ளைகளோடு பேசுவது வேறு.

1912இல் வார்சாவின் குரோக்மால்னா தெரு 92ஆம் எண்ணில் யூத ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. கோர்ச்சாக் அதன் இயக்குநர். அன்றாட நிர்வாகத்தைத் தாங்கியவர் ஸ்டெபானியா வில்சின்ஸ்கா. பிள்ளைகள் அவரை ஸ்டெபா அம்மையார் என்று அழைத்தார்கள். கோர்ச்சாக் பற்றிய பல கட்டுரைகளில் இவர் ஒரு வரியில் வந்து போகிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முதல் உலகப்போரில் கோர்ச்சாக் மறுபடியும் ரஷ்யப் படையில் மருத்துவராகப் போனபோது, அந்த ஆண்டுகள் முழுவதும் இல்லத்தை நடத்தியவர் ஸ்டெபாதான். போர்க்கள மருத்துவமனைகளுக்கு நடுவே கோர்ச்சாக் ஒரு குழந்தையை எப்படி நேசிப்பது என்பதைப் பற்றிய புத்தகத்தை எழுதினார். பிள்ளைகளின் நீதிமன்றத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

அந்த நீதிமன்றம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லத்தில் ஏறக்குறைய நூறு பிள்ளைகள். யாருக்கு யார்மீது குறை இருந்தாலும் ஒரு பலகையில் பெயரை எழுதி வழக்குத் தொடுக்கலாம். அந்த வாரத்தில் தங்கள்மீது வழக்கு எதுவும் இல்லாத பிள்ளைகளிலிருந்து ஐந்து பேர் சீட்டுக் குலுக்கி நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். தீர்ப்பு சொல்ல ஒரு சட்டத்தொகுப்பு இருந்தது. எழுதியவர் கோர்ச்சாக்.

அந்தத் தொகுப்பின் முன்னுரையின் சாரம் இது: ஒருவர் தவறு செய்தால் மன்னிப்பதே நல்லது. தெரியாமல் செய்தவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே செய்தவர் இனி கவனமாக இருப்பார். ஆனாலும் நீதிமன்றம் தேவை. ஏனென்றால் அமைதியான பிள்ளையைச் சண்டைக்காரப் பிள்ளையிடமிருந்து காக்க வேண்டும். இளைத்தவரை வலுத்தவரிடமிருந்து காக்க வேண்டும்.

விதிகளின் எண்கள் 1000 வரை போகும். 1 முதல் 99 வரை உள்ள எல்லாமே ஏதோ ஒரு வகையில் விடுதலை அல்லது மன்னிப்பு. 100ஆம் விதியில்தான் முதல் முறையாக நீதிமன்றம் மன்னிக்காமல் நிற்கும். அதன் பிறகு 200, 300 என்று நூறு நூறாகத் தாவும். 500ஆம் விதி என்றால் இல்லத்தின் செய்தித்தாளில் பெயர் வரும். 900 என்றால் அந்தப் பிள்ளைக்காகப் பொறுப்பேற்க ஒருவர் முன்வர வேண்டும். 1000 என்றால் இல்லத்தைவிட்டு வெளியேற வேண்டும். அப்போதும்கூட மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்கலாம். பிரம்படி எந்த எண்ணிலும் இல்லை. பட்டினி போடுவதும் இல்லை.

பிள்ளைகள் நீதிபதியானால் பழிவாங்க மாட்டார்களா என்று நம்மில் பலர் கேட்போம். என் வகுப்பிலும் ஒருவர் கேட்டார். கோர்ச்சாக்கின் பதில் ஏட்டுப்பதில் அல்ல, அனுபவம். நீதிமன்றம் ஒழுங்காக ஓடவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். சிலர் அதைக் கேலி செய்தார்கள். சிலர் அற்பக் காரணங்களுக்கு வழக்குப் போட்டார்கள். ஒரு கட்டத்தில் அவர் அதைச் சில வாரங்களுக்கு நிறுத்தியே வைத்தார். மீண்டும் தொடங்கியபோது புதிய மாற்றங்கள் வந்தன. தீர்ப்பு பிடிக்காதவர் ஒரு மாதம் கழித்து மேல்முறையீடு செய்யலாம். பிள்ளைகள் பெரியவர்கள்மீதும் ஊழியர்கள்மீதும் வழக்குத் தொடுக்கலாம். குறை தெரிந்தபோது பிள்ளைகளின் அதிகாரத்தை அவர் குறைக்கவில்லை, கூட்டினார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தம்மீதே ஐந்து வழக்குப் போட்டுக்கொண்டதும் இதே எண்ணத்தில்தான். அது நாடகம் என்று முதலில் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பள்ளியிலோ வீட்டிலோ பெரியவர் ஒருவர் நம்மைத் தவறாகக் குற்றஞ்சாட்டினால் நாம் எங்கே போய் முறையிடுவது? உயர்நிலைப் பள்ளியில் என் வகுப்பில் ஒருவருடைய பணப்பை காணாமல் போனபோது, எல்லாருடைய பைகளும் மேசைமீது கொட்டிச் சோதிக்கப்பட்டன. என் பையிலிருந்த நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். மறுநாள் பணப்பை உடற்பயிற்சி அறையில் கிடைத்தது. யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல் பாடம் தொடர்ந்தது. குரோக்மால்னா தெருவில் இது நடந்திருந்தால், பலகையில் ஒரு பெயரை எழுதியிருக்கலாம்.

தம்மீதான தீர்ப்புகளில் எதுவும் 99ஐத் தாண்டவில்லை என்பதையும் கோர்ச்சாக் மறைக்காமல் சொல்கிறார். பிள்ளைகள் அவரை மன்னித்துவிட்டார்கள். அந்தச் சில வழக்குகள்தாம் தம்மை ஒரு நேர்மையான வளர்ப்பாளராக்கின என்பது அவர் கருத்து. பிள்ளைகளின் மனம் சொல்வதையும் தேவை கேட்பதையும் பார்த்து நடப்பவராகத் தாம் மாறியது அப்போதுதான் என்கிறார்.

1918இல் போலந்து சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டே தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்காக மரியா ஃபால்ஸ்கா என்பவர் தொடங்கிய இன்னோர் இல்லத்துக்கும் கோர்ச்சாக் துணை நின்றார். 1920இல் ராணுவ மருத்துவமனையில் நச்சுக் காய்ச்சல் அவரைத் தொற்றியது. அவரைப் பராமரித்த தாய்க்கும் அது தொற்றி, தாய் இறந்துபோனார். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான், சிறு வயதிலேயே அரசனாகி நாட்டைச் சீர்திருத்தப் புறப்படும் மாட் என்ற சிறுவனின் கதையை எழுதினார். பிள்ளைகளுக்கு நாடாளுமன்றம் அமைக்கும் அந்தக் குட்டி அரசன் கடைசியில் தோற்றுப் போகிறான். இனிப்பான முடிவு இல்லாத சிறுவர் கதை!

1926 அக்டோபர் 9ஆம் தேதி, வார்சாவின் யூத நாளிதழ் ஒன்றின் வெள்ளிக்கிழமை இணைப்பாக ஒரு செய்தித்தாள் தொடங்கியது. பெயர் ‘சின்ன விமர்சனம்’ என்ற பொருள்படும். அதன் எழுத்தாளர்களும் செய்தியாளர்களும் பிள்ளைகள், இளையர்கள். வாசகர் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களுக்குச் சன்மானமும் உண்டு. இந்தப் பக்கத்தில் எழுதுகிற எனக்கு, கிட்டத்தட்ட நூறாண்டுக்கு முன் அப்படி ஒரு தாள் வந்தது என்பதே பொறாமை தருகிறது. 1930களில் போலந்து வானொலியில் ‘முதிய மருத்துவர்’ என்ற பெயரில் பேசினார். நாடே கேட்டது. அவர் யூதர் என்பதால் சொந்தப் பெயர் சொல்லப்படவில்லை. யூத எதிர்ப்பு வளர்ந்ததும் 1936இல் அந்த நிகழ்ச்சியும் நின்றது.

இதற்கிடையே உலக அரங்கிலும் சிறுவர் உரிமை பேசப்படத் தொடங்கியது. பிரிட்டனைச் சேர்ந்த எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணியின் முயற்சியால் 1924இல் உலக நாடுகள் சங்கம் ஜெனீவா பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. பசித்த பிள்ளைக்கு உணவு, நோயுற்ற பிள்ளைக்குச் சிகிச்சை என்று ஐந்தே அம்சங்கள். சிறுவர் நலனுக்கான முதல் உலக ஆவணம். எல்லாரும் பாராட்டிய அந்தப் பிரகடனத்தில் கோர்ச்சாக் குறை கண்டார். அது பெரியவர்களின் கடமைகளைப் பட்டியலிடுகிறது, பிள்ளைகளின் உரிமைகளை அல்ல என்றார். கோரிக்கையாக ஒலிக்க வேண்டியது கெஞ்சலாக ஒலிக்கிறது என்பது அவர் கருத்து. 1929இல் வெளியான, மதிக்கப்படுவதற்குப் பிள்ளைக்கு உள்ள உரிமையைப் பற்றிய சிறு நூலும் இதே கோபத்தின் பிள்ளைதான். பிள்ளை நாளைய மனிதன் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பிள்ளை இன்றே மனிதன் என்பது அவர் வாதம். ‘எதிர்காலத் தலைவர்கள்’ என்று மேடைகளில் நம்மை அழைக்கும்போது எனக்கு இப்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

வார்சா இளையர் நீதிமன்றத்துக்கு நிபுணர் கருத்துச் சொல்பவராகவும் அவர் இருந்தார். ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு விரிவுரையும் நடத்தினார். அந்த விரிவுரை ஒன்றைப் பற்றி அவருடைய மாணவர்கள் சொல்லும் கதை பிரபலமானது. மருத்துவமனையின் ஊடுகதிர் அறைக்கு மாணவர்களை வரச் சொன்னார். கையில் ஒரு சிறுவனைப் பிடித்துக்கொண்டு வந்தார். இருட்டறையில், முன்பின் தெரியாத பெரியவர்களுக்கு நடுவே, கருவியின் முன்னால் அந்தப் பிள்ளை நின்றான். திரையில் அவன் இதயம் படபடவென்று துடிப்பது தெரிந்தது. கோபத்தில் ஒரு பிள்ளைமீது கை ஓங்க நினைக்கும்போது இந்த இதயத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் சொல்லிவிட்டு, அன்றைய விரிவுரை முடிந்தது என்றார்.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தைத் தாக்கியது. அடுத்த ஆண்டு வார்சாவின் யூதர்களை நாஜிகள் ஒரு பகுதிக்குள் தள்ளிச் சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். அந்த அடைப்புக்குக் கெட்டோ என்று பெயர். 1940 நவம்பரில் குரோக்மால்னா தெரு இல்லமும் அதற்குள் இடம் மாற வேண்டியிருந்தது. மாறும் வழியில் பிள்ளைகளின் உருளைக்கிழங்கு வண்டியை ஜெர்மானியர்கள் பறித்துக்கொண்டார்கள். கோர்ச்சாக் என்ன செய்தார் தெரியுமா? போலந்து ராணுவ அதிகாரியின் உடையை அணிந்து, யூதர்கள் கட்டாயம் அணிய வேண்டிய கைப்பட்டை இல்லாமல், ஜெர்மன் அலுவலகத்துக்குச் சென்று புகார் கொடுத்தார். பிள்ளைகளின் சொத்து, திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். சட்டமே இல்லாமல் போன இடத்தில் சட்டப்படி நடந்துகொண்டவர் அவர். கைது செய்து பவியாக் சிறையில் அடைத்தார்கள். முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி மீட்கும்வரை உள்ளே இருந்தார்.

கெட்டோவில் பசியும் நோயும் ஆட்களைக் கொன்றன. அறுபதைத் தாண்டிய கோர்ச்சாக் தினமும் வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு உணவு யாசித்தார். இல்லத்தில் பாடங்கள் நடந்தன. பிள்ளைகளின் எடையை முறையாகப் பார்த்துக் குறித்து வந்தார். தம் இருநூறு பிள்ளைகள் போதாது என்று, டிசியெல்னா தெரு 39இல் ஆயிரம் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த இன்னொரு காப்பகத்தில் வேலை கேட்டு 1942இல் விண்ணப்பமும் போட்டார்.

1942 ஜூலை 18ஆம் தேதி இல்லத்தின் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். தாகூரின் ‘தபால் நிலையம்’. நோய்வாய்ப்பட்டு வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் அமல் என்ற சிறுவன், சன்னல் வழியே உலகைப் பார்த்தபடி, அரசனிடமிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்கும் கதை. வங்காளத்தில் எழுதப்பட்ட நாடகம், வார்சாவில் சுவருக்குள் அடைக்கப்பட்ட பிள்ளைகளால் நடிக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, ஜூலை 22ஆம் தேதி, கெட்டோ மக்களை ரயிலேற்றிக் கொலைமுகாமுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

கோர்ச்சாக்கைத் தப்ப வைக்கச் சுவருக்கு வெளியே நண்பர்கள் காத்திருந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். நாட்குறிப்பில் கடைசிப் பதிவு ஆகஸ்ட் 4ஆம் தேதி. பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். கீழே துப்பாக்கியோடு ஒரு ஜெர்மன் வீரன் நின்று பார்க்கிறான். போருக்கு முன் இவன் என்னவாக இருந்திருப்பான், ஒருவேளை ஒரு கிராமத்து ஆசிரியராகவோ என்று யோசிக்கிறார் கோர்ச்சாக். அவ்வளவுதான்.

அடுத்த ஓரிரு நாளில் இல்லத்தைச் சுற்றி வளைத்தார்கள். ஏறக்குறைய இருநூறு பிள்ளைகளும் கோர்ச்சாக்கும் ஸ்டெபாவும் மற்ற ஊழியர்களும் வரிசையாகத் தெருக்களைக் கடந்து ரயில் நிற்கும் இடத்துக்கு நடந்து சென்றார்கள். அங்கிருந்து டிரெப்ளிங்கா முகாமுக்கு. ஒருவரும் திரும்பவில்லை. டிரெப்ளிங்கா நினைவிடத்தில் இன்று 17,000 கற்கள் நிற்கின்றன. அழிந்துபோன ஊர்களின் பெயர்கள் அவற்றில் பலவற்றில் உள்ளன. தனி ஒருவரின் பெயர் உள்ள கல் ஒன்றுதான். அதில் யானுஸ் கோர்ச்சாக் என்றும், அவரது இயற்பெயரும், பிள்ளைகளும் என்றும் பொறித்திருக்கிறார்கள்.

1978இல், சிறுவர் உரிமைக்குச் சட்ட வலிமை உள்ள அனைத்துலக ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்று ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் முன்மொழிந்த நாடு போலந்து. கோர்ச்சாக்கின் நூற்றாண்டை யுனெஸ்கோ கொண்டாடிய காலம் அது. பத்தாண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1989 நவம்பர் 20ஆம் தேதி அந்த ஒப்பந்தம் நிறைவேறியது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் சேர்ந்தன.

அதன் 12ஆம் விதி, தன்னைப் பாதிக்கும் எல்லா விவகாரங்களிலும் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. நீதிமன்ற விசாரணையிலும் பிள்ளையின் குரல் கேட்கப்பட வேண்டும். ஆனால் அந்தக் கருத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது பிள்ளையின் வயதையும் முதிர்ச்சியையும் பொறுத்தது. முதிர்ச்சி வந்துவிட்டதா என்று தீர்மானிப்பவர் யார்? பெரும்பாலும் பெரியவர்கள்தாம். இந்த இடத்தில்தான் எங்கள் வகுப்பில் விவாதம் சூடு பிடித்தது. எட்டு வயதுப் பிள்ளை தன் நலனை அறியுமா என்று சிலர் கேட்டார்கள். அறியாது என்று முடிவு கட்டியபின் அந்தப் பிள்ளையிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று வேறு சிலர் கேட்டார்கள். நான் இரண்டாவது பக்கம். முதிர்ந்தபிறகு வா, பொறுப்புத் தருகிறேன் என்று கோர்ச்சாக் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டில் பெயர் வந்தால் எந்தப் பிள்ளையும் நீதிபதி நாற்காலியில் உட்காரலாம். தகுதி ஒன்றே ஒன்று. அந்த வாரம் உன்மீது வழக்கு இருக்கக் கூடாது.